வாவிக்கரை வெயிலும் ஒரு மொரிஸ் மைனரும்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனில் தொடங்கிப் பௌர்ணமி நிலவில் முடிப்பது வழக்கம். கல்லடிப் பாலத்தின் கீழே நள்ளிரவில் எழும் அந்த இசையைக் கேட்டவர்களும் உண்டு, கேட்டதாகச் சொல்பவர்கள் அதனினும் பலர். நான் சொல்ல வந்த ஒலி அத்தனை இனிமையானதன்று. பழைய மோட்டார் வண்டியொன்றின் முன்மூடியின் கீழிருந்து, அடுப்பில் வைத்த கேத்தலைப் போல, 'உஸ்' என்று கிளம்பும் ஒலி அது. வாவியைச் சுற்றி வண்டியோட்டியவர்களுள் அதைக் கேளாதவர் அரிது.

எங்கள் வீட்டு வண்டி 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். பெரியப்பா அதைப் புதிதாக வாங்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதிக்குக் கதவடைக்கப்பட்டது. 1977இல் கதவு திறக்கும்வரை இலங்கையில் இருந்த வண்டிகளையே தைத்தும் ஒட்டியும் ஓட்ட வேண்டியிருந்தது. இந்நாட்டு வீதிகளில் பழைய ஆங்கில வண்டிகள் இத்தனை காலம் உயிர் தரித்ததற்கு நம்முடைய பழம்பொருள் ஆசையைவிட அந்தத் தட்டுப்பாடே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மொரிஸ் மைனரின் முகப்பில் ஒரே ஒரு வட்டம் இருக்கும். வேகமும் ஓடிய தூரமும் பெற்றோலின் அளவும் அதிலே தெரியும். எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் முள் மட்டும் இராது. அது எவ்வளவு பெரிய குறை என்பதை 1974இல் அறிந்தோம்.

அவ்வாண்டு கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். அப்போது மண்முனையில் பாலம் இல்லை; 'பாதை'தான். பாதை என்றதும் வீதி என்று வெளியூரார் எண்ணிவிடலாகாது. வாவியில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவைக்கு எங்கள் பகுதியில் வழங்கும் பெயர் அது. திருவிழாக் கூட்டத்தில் பாதைக்காக நெடுநேரம் நின்றோம். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியும் நகர வேண்டுமென்று பெரியப்பா எஞ்சினை அணைக்காமலே வைத்திருந்தார். கொதித்துவிட்டது. பெரியம்மா தடுக்கத் தடுக்க, தோளிலிருந்த சால்வையால் ரேடியேட்டர் மூடியைப் பிடித்து ஒரே திருகில் திறந்தார். அடுத்த கணம் ஆளுயரத்துக்கு வெந்நீர் எழுந்தது. அவருடைய வலக்கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்து போயிற்று. திருவிழாவுக்கு வந்த யாரோ புண்ணியவான் உடனே ஒரு வாளி வாவித் தண்ணீரை அள்ளிவந்து எஞ்சினுள் ஊற்றி வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். உதவிதான். ஆனால் அந்த வாளித் தண்ணீர் செய்த வேலை, வெந்த கை ஆறிய பின்னும் ஆறவில்லை.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுவுக்கு அருகேயுள்ள முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. மாரியில் ஆறுகளின் வெள்ளம் சேர்ந்து உப்புக் குறையும்; கோடையில் கூடும். எப்போதும் முழு நன்னீராக இருப்பதில்லை. எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, ரேடியேட்டரோ செம்பும் பித்தளையும். வெவ்வேறு உலோகங்களை உப்புநீரில் சேர்த்து வைத்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். மின்கலத்தில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. வெப்பம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் விரைவு. பெரியப்பாவின் வண்டியில் அந்தத் தண்ணீரை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டே ரேடியேட்டரிலிருந்து செங்கல் நிறச் சேறு வந்தது. எஞ்சின் வார்ப்பின் துளைகளை அடைத்திருக்கும் மெல்லிய உருக்குத் தகடுகளில் இரண்டு ஓட்டையாயின. உதிரிப்பாகம் கிடையாத காலம். இரண்டு ஆண்டுகளுக்குமேல் வண்டி புளியமரத்தடியில் கிடந்தது. கோழிகள் அதன் பின்னாசனத்தில் அடைகாத்தன.

நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் காருக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை என்பது வேடிக்கைதான். ஆயினும் அது உண்மை.

அந்த வண்டியைத்தான் ஆடி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கொக்கட்டிச்சோலைக்கு ஓட்டிச் சென்றேன். உடன் வந்தவன் என் தங்கையின் மகன். உயர்தர வகுப்பில் தொழினுட்பம் படிப்பவன். வெப்பமானி ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தேன். அதை வாசித்துக் குறிப்பெடுப்பது அவன் வேலை. "எத்தனை பாகையில் நின்றால் சரி, மாமா?" என்று புறப்படுமுன்பே கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்; கொதிக்கும்வரை நம்மில் பலர் கேட்பதில்லை.

எஞ்சினுக்குள் பெற்றோல் எரியும்போது சுவாலையின் வெப்பம் 2000 பாகை செல்சியசையும் தாண்டும். அதற்கு முகம் கொடுத்து நிற்கும் பிஸ்டனோ அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். உருகாமல் காப்பது எஞ்சினின் சுவர்களுக்குள் ஓடும் தண்ணீர். பெற்றோலில் அடங்கிய சக்தியில் மூன்றிலொரு பங்களவு இந்தத் தண்ணீர் வழியாகவே வெளியேறுகிறது. சக்கரத்தைச் சென்று சேர்வது காற்பங்குகூடத் தேறாது. நாம் காசு கொடுத்து வாங்கும் பெற்றோலின் பெரும்பகுதி ஊரைச் சூடாக்கத்தான் செலவாகிறது என்றேன். தம்பி சிரித்தான்.

சூடேறிய தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும். விசிறி இழுக்கும் காற்றும், ஓட்டத்தில் எதிர்ப்படும் காற்றும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆறிய தண்ணீரைப் பம்பு மறுபடி எஞ்சினுக்குள் தள்ளும். 1948இல் வந்த முதல் மைனர்களில் பம்புகூட இல்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும் என்ற இயற்கை விதியையே நம்பி ஓடின. எங்கள் வண்டியில் விசிறியையும் பம்பையும் மின்பிறப்பாக்கியையும் ஒரே பெல்ட்டுத்தான் சுழற்றுகிறது. ஆதலால் வெப்பமானி இல்லாத மைனர் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: ஓடிக்கொண்டிருக்கும்போது முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் பற்றரிக் கோளாறுதானே என்று விட்டுவிடாமல் உடனே நிறுத்திப் பாருங்கள். பெல்ட்டு அறுந்திருக்கலாம். அறுந்திருந்தால் தண்ணீரும் ஓடாது.

வொல்க்ஸ்வாகன் வைத்திருக்கும் அயல்வீட்டு நண்பருக்கு இதெல்லாம் இளக்காரம். அவருடைய வண்டி காற்றாலேயே குளிர்வது; ரேடியேட்டர் என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்தக் காற்றை ஊதும் விசிறியும் ஒரு பெல்ட்டில்தான் சுழல்கிறது என்பதை அவருக்கு அவ்வப்போது நினைவூட்டி வருகிறேன்.

புளியந்தீவிலிருந்து காலை 8 மணிக்குப் புறப்பட்டோம். கல்லடிப் பாலம் ஏறும்போது முள் 70ஐத் தொட்டிருந்தது. பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயரால் எழுந்த அந்தப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகளே போகலாம். மறுதிசையார் காத்து நிற்க வேண்டும். 2013இல் புதிய பாலம் திறக்கும்வரை இதுவே நியதி. அனுபவமுள்ள சாரதிகள் பாலத்தடியில் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலைப் பொட்டலத்தை எடுப்பார்கள். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினுக்கு எதிர்காற்று இல்லை. விசிறியும் மெல்லச் சுழலும். வெற்றிலைக்கு அப்பாலும் அந்தப் பழக்கத்தில் விஷயம் இருந்தது.

காத்தான்குடிக்குள் நுழைந்தபோது முள் 82இல் நின்றது. வீதி நடுவே பேரீச்சை மரங்கள் அணிவகுத்த அந்த நெரிசலில் ஊர்ந்தோம், 90ஆயிற்று. ஆரையம்பதியில் வழி திறந்ததும் மறுபடி 83. தம்பி ஒவ்வொன்றையும் எழுதினான். "ஏறினாலும் இறங்குகிறதே" என்றான். சுகதேகியான எஞ்சினின் இலட்சணம் அதுதான். இத்தகைய வண்டிக்கு 80க்கும் 90க்கும் இடைப்பட்டது இயல்பான வெப்பம். நெரிசலிலும் ஏற்றத்திலும் சற்று ஏறுவதும் பின்பு தானே இறங்குவதும் இயல்பு. வழி திறந்த பின்னும் இறங்க மறுத்து ஏறிக்கொண்டே போனால்தான் நோய்.

இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயிலில் தெர்மோஸ்டாட் என்னும் சிறிய கதவொன்று இருக்கிறது. தண்ணீர் உரிய அளவு சூடேறும்வரை அது திறவாது. மைனருக்கு 82 பாகையில் திறப்பது வழமையானது. வெப்ப நாடுகளுக்கென்று 74இல் திறப்பதும், குளிர் நாடுகளுக்கென்று 88இல் திறப்பதும் உண்டு. நம் நாட்டுக் கராஜ்களில் எதற்கும் முதல் வைத்தியமாக இந்தக் கதவைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "இந்த வெயிலுக்கு இது எதுக்குத் தம்பி?" என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு அது உடன்பாடில்லை. சூடேறாத எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, எரியாத மிச்சம் எண்ணெயில் கலக்கும், எண்ணெய் களியாகும், உள்ளுறுப்புகள் விரைவில் தேயும். கொதிப்பது அன்றே தெரியும். குளிரோட்டம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

சூட்டின் அருமையை யாழ்ப்பாணத்துச் சாரதிகள் நன்கறிவார்கள். 1990களின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாத நாட்களில், அங்கே இத்தகைய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினைக் கிளப்பி, நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, புகைந்து நின்றுவிடும்.

2014இல் திறந்த மண்முனைப் பாலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்தோம். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு! சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்று ஒரு வாவியின் இரு கரைகளுக்கும் முன்னோர் இட்ட பெயர்கள் எத்தனை அழகானவை. வீதியின் இருபுறமும் சிறுபோக வயல்கள். பாதி அறுவடை முடிந்திருந்தது. கச்சான் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அனலாக அடித்தது. எங்களுக்குத் துன்பம், ரேடியேட்டருக்கு அது எதிர்காற்று. முள் 82ஐ விட்டு அசையவில்லை.

கொக்கட்டிச்சோலையில் தரிசனம் முடித்து, புல் தின்றதாக ஐதீகம் கூறும் கல் நந்தியைத் தம்பிக்குக் காட்டி, மர நிழலில் கட்டுச்சோறு உண்டோம். திரும்பும்போது மணி 2. நிழலிலேயே 35 பாகை. இங்கே ஒரு சிறு கணக்கு. தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறையக் குறைய, ரேடியேட்டர் வெளியேற்றும் சூடும் குறையும். இங்கிலாந்தில் 15 பாகைக் காற்றில் அந்த வித்தியாசம் 70. இங்கே 50 மட்டுமே. அந்த நாட்டு அளவுக்குச் செய்த ரேடியேட்டரை இந்த நாட்டில் ஓட்டுகிறோம். அது முழுச் சுத்தமாக இருந்தால் சமாளிக்கும், அழுக்கேறினால் இடமில்லை.

திரும்பும் வழியில் எங்களுக்கு முன்னே வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரமொன்று ஆமைபோல் ஊர்ந்தது. குறுகிய வீதி, முந்த இயலவில்லை. காலையில் எதிர்காற்றாயிருந்த கச்சான் இப்போது முதுகுப்புறம். வண்டியின் வேகமும் காற்றின் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டால் ரேடியேட்டருக்கு வீதியில் காற்றே இல்லை என்று பொருள். 92 என்றான் தம்பி. பிறகு 97. பாலத்தின் நடுவே 101. அவன் குரல் மாறிவிட்டது. எனக்கும் பெரியப்பாவின் கைதான் கண்முன் நின்றது.

பாலம் இறங்கியதும் வண்டியைத் திருப்பி, மேற்குநோக்கிக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை. பம்பு ஓடட்டும், கச்சான் உள்ளே அடிக்கட்டும் என்பது என் கணக்கு. கணக்குப் பொய்த்தது. முள் 105க்கு ஏறியது. முன்மூடியைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. உழவு இயந்திரத்திலிருந்து பறந்த வைக்கோல் துரும்பும் பதரும் ரேடியேட்டரின் முகம் முழுவதும் பாய் விரித்தாற்போல் படிந்திருந்தன. எஞ்சினை அணைத்தேன்.

அணைத்த பின்பும் வெப்பமானி ஏறியது! 108, 110. "மாமா, நிறுத்தியும் ஏறுதே!" என்று தம்பி பதறினான். தண்ணீரோட்டம் நின்றதும் வார்ப்பிரும்பில் தேங்கிய சூடு அங்கேயே நிற்கும் தண்ணீருக்குள் இறங்குகிறது. சில நிமிடங்களுக்கு அப்படித்தான் ஏறும், பின்பு தானே தணியும். எங்கள் ரேடியேட்டர் மூடியில் 7 என்று பொறித்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம்வரை அது ஆவியை உள்ளே அடக்கி வைக்கும். ஒவ்வொரு இறாத்தலுக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரைப் பாகைக்கு மேல் உயரும். ஆகவே இந்த வண்டியில் தண்ணீர் 100இல் கொதிக்காது. 111, 112 பாகையில்தான் கொதிக்கும். அப்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் மறையும். அத்தனை தண்ணீரும் ஒரேயடியாகக் கொதித்து எழும். பெரியப்பாவின் கையை வேக வைத்தது இந்தக் கணக்குத்தான். மலைநாட்டில் நிலைமை வேறு. நுவரெலியாவின் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். செங்கலடியிலிருந்து பதுளை ஏறுவோர் பழுதடைந்த மூடியோடு போகாதிருப்பது நலம்.

வழிகுழாயிலிருந்து 'உஸ்' என்று ஆவி கிளம்பிற்று. வலை காயவைத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் ஓடிவந்தார். கையில் வாளி.

"ஐயா, கார் கொதிச்சுப் போச்சு போல. தண்ணி அள்ளித் தரட்டா?"

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கரை, அதே வாளி, அதே நல்ல மனசு. வேண்டாமென்று சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. காரணத்தைச் சொன்னேன். "ஓம் ஐயா, எங்கட தோணி எஞ்சினும் அப்படித்தான் அரிச்சுப் போகுது" என்று தலையசைத்தார். பிறகு மூவருமாகத் தென்னை ஈர்க்குகளைக் கொண்டு, தகடுகள் மடங்காதபடி, வைக்கோலைத் துரும்பு துரும்பாக நீக்கினோம். முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூள் போட்டால் நிற்கும் என்று இளைஞர் சொன்னார். நம்மூர்ச் சாரதிகளின் பழைய கைமருந்து. வீடு போய்ச் சேர உதவும். பின்பு கழுவி எடுக்காவிட்டால் ஒழுகாத குழாய்களையும் அடைத்துவிடும்.

நல்ல தண்ணீர் தேடித் தம்பி அருகிலிருந்த வீட்டுக்குப் போனான். மணற்றரையில் தோண்டிய ஆழமில்லாக் கிணறு. ஒரு முதிய அம்மா கானொன்றில் தண்ணீர் நிறைத்து, அவனோடு தாமே நடந்து வந்துவிட்டார்.

"மோட்டருக்கு ஊத்திற்று நீங்களும் குடியுங்க மகன். கச்சானுக்கு மனிசனும் கொதிக்கும்."

கிணற்றுநீர் அவசரத்துக்கு நன்று. நாட்செல்ல அதிலுள்ள சுண்ணாம்பு குழாய்களில் படியும். வாலைவடித்த நீரும், துருப்பிடிக்காமல் காக்கும் குளிர்திரவமும் கலந்து ஊற்றுவதே முறை. பனி இல்லாத நாட்டுக்கு அது எதற்கு என்பர். துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது இங்கும் வேண்டும். ஒன்று மட்டும்: அந்தத் திரவம் பெரும்பாலும் நச்சு, சுவையோ இனிப்பு. குழந்தைகளும் நாய் பூனைகளும் தொடாத இடத்தில் வையுங்கள்.

மேற்குழாயைத் தொட்டுப் பார்த்தேன், கை பொறுத்தது. தடித்த துணியை மடித்து மூடியின்மேல் வைத்து, உடலை விலக்கி, முதற் படிவரை மட்டும் திருகினேன். சிறு மூச்சுவிட்டு அடங்கிற்று. பிறகே முழுதும் திறந்தேன். எஞ்சினைக் கிளப்பி, ஓடவிட்டபடியே, கிணற்றுநீரைச் சிறிது சிறிதாக ஊற்றினேன். சூடான வார்ப்பிரும்பின்மேல் குளிர்ந்த நீரை ஒருமிக்கக் கொட்டினால் வெடித்துவிடக்கூடும். ஏறக்குறைய ஒரு போத்தலளவு கொண்டது. மிகுதியை நாங்கள் குடித்தோம்.

காத்தான்குடி நெரிசலில் 91. கல்லடிப் பாலத்தில் 84. வீடு சேர்ந்து தம்பி தன் குறிப்புப் புத்தகத்தை மூடிய பிறகுதான் பின்னாசனத்தில் அந்த அம்மாவின் கான் கிடப்பதைக் கண்டோம். அடுத்த ஞாயிறும் மண்முனைக்குப் போகவேண்டியதாயிற்று.